மலையில்லா நாட்டில் மண்சரிவு படித்த கதை

"மண்சரிவு படிக்கப் போறது மலையே இல்லாத நாட்டுக்கா, மகள்?"

பெல்ஜியம் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று வாப்பா கேட்ட முதற் கேள்வி இதுதான். பதுளைக் கடைவீதியில் நெடுங்காலமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர் அவர். சரக்கு விளைகிற இடத்துக்குப் போய்த்தான் சரக்கு வாங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடங்களின் பின் இப்போது ஓரளவு தெரியும்.

நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி தங்கைமார் கேட்டபோது, "சிரிக்கிற மாதிரி எழுதுங்க ராத்தா, ஆனா எங்கட உம்மாமார் கேக்கிற கேள்விக்கும் பதில் இருக்கணும்" என்றார்கள். உம்மாமாரின் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், தொழுகைக்கு என்ன செய்வாய், காசு யார் தருவார், தனியே எப்படி இருப்பாய். முதலில் காசு.

எனக்குக் கிடைத்தது எராஸ்மஸ் முண்டுஸ் என்ற புலமைப்பரிசில். ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் இதனை வழங்கி வருகிறது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமைச் சேர்ந்த எராஸ்மஸ் என்ற அறிஞர் ஐந்நூறு வருடங்களுக்கு முன் நாடு நாடாகப் போய்ப் படித்தார், படிப்பித்தார். அவர் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ப இந்தப் புலமைப்பரிசிலில் படிக்கிறவர்களும் ஒரே நாட்டில் இருந்துவிட முடியாது. குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படிக்க வேண்டும். கற்கைக் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோ கையில் தருகிறார்கள். வீட்டு வாடகை, சாப்பாடு, பயணம், வீசாச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிக்கனமாக இருந்தால் அடங்கும். விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நேரடியாக இணையத்தில் கோருவார்கள். இடையில் எந்த முகவருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. இதைப் பெற்றோர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

நான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தவள். வீட்டிலிருந்து பஸ் ஏறினால் பசறை வீதியில் இறங்கிவிடலாம். முதல் முறை விண்ணப்பித்தபோது கிடைக்கவில்லை. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பார்கள். அதில் நான் உலக சமாதானம், மனித குல மேம்பாடு என்றெல்லாம் பெரிய பெரிய சொற்களை அடுக்கியிருந்தேன். யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டாம் முறை மீரியபெத்தையைப் பற்றி எழுதினேன்.

2014 ஒக்டோபர் 29. எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. காலையில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி, லயன்களை மூடிவிட்டது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. நாங்கள் வகுப்பு வகுப்பாக அரிசியும் உடுப்பும் சேர்த்தோம். வாப்பாவின் கடையில் கடன் கொப்பி ஒன்று உண்டு; அதில் பாதிப் பெயர்கள் தோட்டத்து மக்களுடையவை. அன்றிரவு அவர் அந்தக் கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு, யார் யாருடைய சொந்தம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்த மண் ஏன் சில இடத்தில் நிற்கிறது, சில இடத்தில் ஓடுகிறது என்ற கேள்வி எனக்குள் வந்தது அப்போதுதான். இதை அப்படியே எழுதினேன். இடம் கிடைத்தது: முதல் வருடம் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், அடுத்த வருடம் ஜேர்மனியின் கோட்டிங்கனில்.

பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்று, வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சிப்படுத்திய பட்டச் சான்றிதழ் என்று கொழும்புக்கும் பதுளைக்கும் அலைந்ததைச் சுருக்கி விடுகிறேன். அலைய வேண்டும், அவ்வளவுதான். பெட்டி கட்டிய கதைதான் சுவையானது. உம்மா மூன்று கிலோ மாட்டிறைச்சியைப் பொரித்துப் போத்தலில் அடைத்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு போக முடியாது. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஆனால் மீனுக்குத் தாராளம், ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை! "மாசி மீன்தானே?" என்று கேட்ட உம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு என் பெட்டியை எந்த நாய் மோப்பம் பிடிக்குமோ என்று நான் பயந்தது வேறு கதை. எங்கள் உம்மும்மா தன் பங்குக்குத் தலைமாட்டில் இருந்த சாவி கொடுக்கிற அலாரம் மணிக்கூட்டைத் தந்தார். "போனை நம்பாதே. சுபஹுக்கு இதுதான் எழுப்பும்."

கெண்டில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஆறு பேரும் ஆறு நாடு, சமையலறை ஒன்று. முதல் வாரம் நான் சீனிச் சம்பல் செய்யப் போய், வெங்காயமும் மாசியும் மிளகாயும் கிளப்பிய புகையில் தீ எச்சரிக்கை மணி அலறி, ஆறு பேரும் இரவு உடுப்போடு தெருவில் நின்றோம். அன்று அறிமுகமானதுபோல் வேறு எந்த வழியிலும் அறிமுகமாகியிருக்க மாட்டோம்.

சாப்பாட்டுக்கு நான் பட்டினி கிடக்கவில்லை. கெண்டில் துருக்கிய மக்கள் நிறைய. அவர்களில் கணிசமானோர் எமிர்தாக் என்ற ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஸ்லேப்ஸ்ட்ராட் என்ற வீதியில் ஹலால் இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை எல்லாம் உண்டு. அத்துடன் 2009 முதல் இந்த நகரம் வியாழக்கிழமையை மரக்கறி நாளாக அறிவித்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்காக அவர்கள் செய்தது எனக்கு வேறு விதத்தில் உதவியது. மற்ற நாட்களில் சிற்றுண்டிச்சாலையில் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு ஆராய்ச்சி நடத்துகிற நான், வியாழக்கிழமை மட்டும் கேள்வி அதிகம் இல்லாமல் தட்டை நீட்டுவேன்.

சைக்கிள்தான் பெரிய சோதனை. அங்கே பேராசிரியரும் சைக்கிள், தபால்காரரும் சைக்கிள், பிள்ளையை முன்பெட்டியில் வைத்த தாயும் சைக்கிள். பதுளையில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சைக்கிள் பழகச் சமதரை எங்கே? இருபத்தைந்து வயதில் ஒரு பூங்காவில் பழகினேன். நீள அங்கியைப் பிடித்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்து ஐந்து வயதுப் பையன் ஒருவன் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு, காலை எப்படி வைப்பது என்று செய்து காட்டினான். ஒரு மாதம் கழித்துத் தெருவில் இறங்கினேன். இறங்கிய மூன்றாம் நாள் முன்சில்லு ட்ராம் தண்டவாளப் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கக் கூடாது, குறுக்கே நேராகக் கடக்க வேண்டும் என்பது அன்று முழங்கை தேய்ந்து கற்ற பாடம்.

தொழுகையைப் பற்றி. நம் ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசப்படாது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறோம். கெண்ட் 51 பாகை வடக்கில். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணித்தியாலம் அளவுதான், ஜூனில் பதினாறரை. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். பிற்பகல் விரிவுரை ஒன்றுக்குள்ளேயே அஸரும் மஃரிபும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இரண்டு வாரம் வாய் திறக்காமல் பதறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் விரிவுரையாளரிடம் போய், எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும், ஓர் ஒதுக்குப்புறமான இடமும் வேண்டும் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துத் தந்தார். மண் மாதிரிகள் அடுக்கி வைக்கும் அறை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த மண், பெட்டி பெட்டியாக. அந்த வருடம் முழுவதும் அவற்றுக்கு நடுவில்தான் தொழுதேன். கேட்பதற்கு எனக்கு இரண்டு வாரம் சென்றது. கொடுப்பதற்கு அவருக்கு இரண்டு நொடி.

வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் களப்பயணம் என்றார்கள், "மலைப்பகுதிக்கு". நான் தடித்த சப்பாத்து, குளிர்ச் சட்டை என்று ஆயத்தமாகப் போனேன். கெண்டுக்குத் தெற்கே பிளெமிஷ் ஆர்தென் என்ற இடம். பஸ் நின்றது. எங்கே மலை என்று கேட்டேன். "நிற்கிறாயே, இதுதான்" என்றார்கள். 150 மீற்றர் அளவு உயரம்! பதுளை நகரமே கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலை 2036 மீற்றர். என் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். ஆனால் அந்தச் சின்ன மேட்டிலும் பழைய மண்சரிவுகள் பல இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாக வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள். மேலே புல் முளைத்து, மாடு மேய்கிற இடத்தைக் காட்டி, இந்த வளைவைப் பார், இது ஒரு காலத்தில் நழுவிய நிலம் என்று சொன்னபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. களிமண் படையின் மேல் நீர் தேங்கி நிற்கும். மேலே உள்ள மண் நனைந்து பாரமாகும். மண் துணிக்கைகளுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூட, அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். ஐந்து டிகிரியோ முப்பது டிகிரியோ, கணக்கு ஒன்றுதான். மலை பெரிதாக இருப்பதால் நமக்கு அது உயிர்ப் பிரச்சினை, அவர்களுக்கு மாட்டுப் பிரச்சினை. அந்தக் கணக்கைச் செய்யும் முறையைத்தான் நான் அங்கே வாங்கப் போனேன். சரக்கு இங்கே இருக்கிறது வாப்பா, தராசு அங்கே.

2024 நோன்பில் உம்மும்மாவின் மணிக்கூடு என்னைக் கைவிட்டது. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். பகல் வெளிச்சத்தை மாலையில் கூடுதலாக அனுபவிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பி வைப்பார்கள். அந்த வருடம் அது நோன்புக்குள் வந்தது, மார்ச் 31. தொலைபேசி தானாக மாறியது. மணிக்கூட்டுக்கு அந்தச் செய்தி யாரும் சொல்லவில்லை. அது நான்கரைக்கு விசுவாசமாக அடித்தது, வெளியே ஐந்தரை. ஸஹர் முடிந்துவிட்டது. ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் நோன்பு. சரி, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், முந்தின நாள் ஏழே காலுக்கு மறைந்த சூரியன் அன்று எட்டே காலுக்கு மறைந்தது. உம்மும்மாவுக்குத் தொலைபேசியில் முறைப்பாடு செய்தேன். "மணிக்கூட்டுல பிழை இல்ல. நாட்டுலதான் பிழை" என்றார்.

அவருக்கு நேர வித்தியாசம் கடைசி வரை பிடிபடவில்லை. நாம் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் முன்னே, கோடையில் மூன்றரை. அவர் சுபஹ் தொழுதுவிட்டு என்னை அழைப்பார். எனக்கு அது நள்ளிரவு ஒரு மணி. "இன்னும் தூங்கலையா மகள்?" என்று கண்டிப்பார்.

2024 செப்டெம்பரில் ஜேர்மனிக்கு மாறினேன். ரயிலில் எல்லை கடக்கப் போகிறோம் என்று கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, கடிதங்கள் எல்லாவற்றையும் மடியில் அடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. தொலைபேசியில் 'ஜேர்மனிக்கு நல்வரவு' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, எல்லை முடிந்துவிட்டது! 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற கிராமத்தில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பலன் இது. இப்போது 29 நாடுகள். ஒரு நாட்டின் வதிவிட அட்டை இருந்தால் மற்ற நாடுகளைச் சுற்றிப்பார்க்க 180 நாட்களில் 90 நாட்கள் உண்டு. ஆனால் சில வேளை பொலிஸார் ஏறிச் சோதிப்பார்கள். ஆவணங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1737இல் திறக்கப்பட்டது. அங்கே பத்து மணி விரிவுரைக்குப் பத்து மணிக்குப் போனால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். கால அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன இலத்தீன் எழுத்துகள் இருந்தால் பதினைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும் என்று பொருள். இது தாமதம் அல்ல, மரபாம். நம் ஊர்க் கூட்டங்களுக்கும் அந்த இரண்டு எழுத்தைப் போட்டுவிடலாம். நகர மத்தியில் நீரூற்றின் மேல் வாத்துக்காரச் சிறுமியின் வெண்கலச் சிலை உண்டு. கலாநிதிப் பட்டம் பெறுகிறவர்கள் ஏறிப் போய் அவளுக்கு முத்தமிட்டுப் பூக்கொத்து வைக்க வேண்டும். முதுமாணிக்கு அந்தக் கடமை இல்லை, நல்லவேளை.

கடைகளில் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் 25 சதம் மேலதிகமாக எடுப்பார்கள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் ஓர் இயந்திரம் காசைத் தரும். தோழிகள் இதை ஜேர்மன் அதிசயமாக எனக்கு விளக்கினார்கள். எங்கள் வாப்பா கடையில் சோடாப் போத்தலுக்கு இதைத்தான் செய்கிறார், இயந்திரம் இல்லாமல்.

புள்ளி விடயத்தில்தான் வீட்டில் பூகம்பம். பெல்ஜியத்தில் இருபதுக்குத்தான் புள்ளி. பத்து எடுத்தால் சித்தி. 13 என்று நான் சொன்னதையே உம்மா நூற்றுக்கு என்று எண்ணி இரண்டு நாள் பேசவில்லை. விளக்கிச் சமாளித்தேன். ஜேர்மனியில் முதல் பெறுபேறு வந்தது. மகிழ்ச்சியில் வீட்டுக்கு எழுதினேன்: "1.3 எடுத்திருக்கிறேன்!" சற்று நேரத்தில் உம்மாவின் குரல்: "பதிமூன்றாவது இருந்திச்சி. இப்ப ஒண்ணுக்கு இறங்கிட்டியா மகள்?" ஜேர்மனியில் 1.0 தான் ஆகச் சிறந்தது, எண் கூடக் கூடத் தரம் குறையும், 4.0 வரை சித்தி, 5 என்றால் தோல்வி. இதை உம்மாவுக்கு நம்ப வைக்க, தம்பி இணையத்தில் தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

இது வரை எழுதியவை எல்லாம் வழி உள்ள சங்கடங்கள். வழி இல்லாத ஒன்றையும் பெற்றோருக்கு மறைக்கக் கூடாது. 2025 பெப்ரவரியில் ஒரு பரீட்சை. தொலைபேசியை அணைத்துப் பையில் வைத்துவிட்டுப் போனேன். நண்பகலுக்கு வெளியே வந்து திறந்தபோது பதினேழு அழைப்புகள். உம்மும்மா காலையில் மௌத்தாகிவிட்டார். எனக்குப் பன்னிரண்டு மணி, பதுளையில் நாலரை. அஸருக்குப் பின் ஜனாஸா பள்ளிவாசலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. விமானத்தில் ஏறியிருந்தாலும் எட்டியிருக்க முடியாது. அறைக்குப் போய் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றிரவு கூட இருந்த பெண்கள் யாரும் தங்கள் அறைக்குப் போகவில்லை. தூர தேசத்துக்குப் பிள்ளையை அனுப்புவது என்றால் இதுவும் அதில் உண்டு. அனுப்புகிறவரும் போகிறவரும் இதைப் பேசிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மே மாதம் தோழிகள் என்னை வடக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். 2025இல் 58 யூரோவுக்கு ஒரு மாதச் சீட்டு இருந்தது. அதிவேக ரயில்களைத் தவிர நாட்டின் எல்லாப் பிராந்திய ரயில்களிலும் பஸ்களிலும் ஏறலாம். ஹனோவர், பிரேமன் வழியாகக் கடற்கரைப் பக்கத்து நோர்டன் என்ற ஊருக்குப் போனோம். அது கிழக்கு ஃபிரீஸ்லாந்து. கோப்பி குடிக்கிற ஜேர்மனியில் தேநீருக்கு உயிர் விடுகிற மக்கள். ஓர் ஆளுக்கு வருடம் 300 லீற்றர் அளவு குடிக்கிறார்களாம். அங்கே தேநீருக்கென்று ஓர் அருங்காட்சியகமே உண்டு. கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டு. அதன் மேல் சுடச்சுடச் சாயம் ஊற்றினால் கற்கண்டு 'சடசட'வென்று வெடிக்கும். பிறகு கரண்டியால் ஓரமாகக் கொஞ்சம் ஆடைப்பால். அது மேகம் போல் மேலெழும்பும். கலக்கவே கூடாது. முதலில் பால் ருசி, பிறகு கசப்பு, அடியில் இனிப்பு.

தேநீர்ச்சாலையில் வயதான பெண் ஒருவர் ஊற்றினார். குடித்து முடித்தேன், மறுபடி ஊற்றினார். மரியாதைக்குக் குடித்தேன், மறுபடி ஊற்றினார். மூன்று கோப்பை அங்கே மரபு என்று பிறகு தெரிந்தது. ஆனால் நான்கும் வந்தது, ஐந்தும் வந்தது. போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. தோழி ஒருத்தி இரங்கி என் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தாள். போதும் என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

பையில் ஊரிலிருந்து வந்த ஊவாத் தேயிலை ஒரு பொதி இருந்தது. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் பக்கத்துக் கொழுந்துக்குத் தனி வாசம் வரும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொன்னேன். அவர் பொதியைத் திறந்து நெடுநேரம் முகர்ந்தார். எங்கள் உம்மும்மா சீனி போடாத சாயத்தைக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார் என்றும் சொன்னேன். "கலக்க மாட்டாரா?" என்று கேட்டார். மாட்டார் என்றேன். "சரியான ஆள்" என்றார்.

அன்றிரவு வாப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அங்க நூறு கிராம் தேயில என்ன விலை?" சொன்னேன். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்கு என்ன கூலி என்பது கடன் கொப்பி வைத்திருக்கிறவருக்குத் தெரியும். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

ஆய்வேட்டை அடுத்த மாதம் ஒப்படைக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அதன் பின் ஊர். வரும்போது அந்தப் பெரிய கற்கண்டில் இரண்டு பொதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வாப்பா. கடையில் விலைபோகுமா என்று பார்க்க வேண்டுமாம்.